பானைத் தண்ணீர் எத்தனை டிகிரி?

1

போன வாரம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். யாங்கோனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் இது பதினைந்தாவது தடவை. இரண்டு காதும் தெரியும்படி நான்கு புகைப்படம், வீட்டுக்காரர் கையெழுத்து, வார்டு அலுவலகக் கடிதம், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். கவுண்டரில் இருக்கும் பெண்மணிக்கு என்னை நன்றாகத் தெரியும். என் மகள் எந்த வகுப்பு என்பதுவரை தெரியும். இருந்தாலும் பேனாவைக் கையில் எடுத்ததும் முதல் தடவை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பெயர் கேட்பார். நானும் அதே முகத்தோடு சொல்வேன். மல்லிகா. தொழில்? சயாமா. ஆசிரியைக்கு இங்கே அதுதான் சொல். என்ன பாடம்? அறிவியல்.

அவர் எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைப் பார்த்தார். அந்தப் படிவத்தில் 'இந்த ஒரு வருடத்தில் நீ என்ன கற்றுக்கொண்டாய்' என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்திருந்தால் பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக எழுதுவதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. கட்டம் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு மண்பானையும் இருபத்திரண்டு பிள்ளைகளும் சேர்ந்து என் மானத்தை வாங்கிய கதை. அதில் ஒருத்தி நான் பெற்றது.

2

'புராஜெக்ட்' என்றால் நம் ஊரில் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையில் இருக்கும் என் தங்கை கலா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தெர்மோகோல் அறுத்துப் பையனுக்கு எரிமலை செய்வாள். பையன் டிவி பார்ப்பான். திங்கட்கிழமை அவனுக்கு 'வெரி குட்' கிடைக்கும். "அக்கா, அந்த வெரி குட்ட எனக்குல்ல போட்டிருக்கணும்" என்று போனில் புலம்புவாள். புராஜெக்ட் என்றால் அவ்வளவுதான் என்று நானும் இருந்தேன், ஜூன் மாதம் எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிடும் வரைக்கும்.

நான் வேலை பார்ப்பது மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சின்னத் தனியார் பள்ளியில். ரயில் போனால் பாடம் நிற்கும், மின்சாரம் போனால் ஃபேன் நிற்கும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. தலைமையாசிரியை பெயர் டோ கின் மியா. 'டோ' என்பது வயதில் மூத்த பெண்களுக்குச் சேர்க்கும் மரியாதை. பள்ளியில் எல்லோருக்கும் அவர் சயாமாஜீ, பெரிய டீச்சர். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் குரல் தணியத் தணியத்தான் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட் உங்களுக்கு" என்றார் பர்மிய மொழியில். "எட்டாம் வகுப்பு. பாடப்புத்தகம் வேண்டாம். பிள்ளைகள் தாங்களே ஒரு கேள்வி கேட்டு, தாங்களே செய்து பார்த்து, தாங்களே யோசித்து ஒரு பதிலுக்கு வர வேண்டும். நீங்கள் கூட இருந்தால் போதும்."

"நானா, சயாமாஜீ?"

"இந்தியாவில் அறிவியல் பட்டம் வாங்கியவர் நீங்கள்தானே. அங்கே பெரிய சோதனைக்கூடமெல்லாம் இருந்திருக்கும்."

இருந்தது என்று தலையாட்டினேன். அங்கே என்ன செய்தோம் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் குரல் தணிந்தது. பெற்றோர்கள் ஏற்கெனவே அந்த இரண்டு பீரியடையும் கணக்கு கியூஷினுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டியூஷனைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் பெற்றோர் நாள். அன்று பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று காட்ட வேண்டும். பெற்றோருக்குப் பிடித்தால் வெள்ளிக்கிழமை வகுப்பு நிலைக்கும். பிடிக்காவிட்டால் கியூஷினுக்குப் போய்விடும்.

போனால் போகட்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த எட்டாம் வகுப்பில் என் மகள் தேன்மொழி இருக்கிறாள். அந்தப் பெயர் இங்கே யாருக்கும் வாயில் நுழையாததால் பதிவேட்டில் தெ தெ வின். பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் பர்மிய மொழியில் வரும். அதுவும் இரண்டு வார்த்தை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பரீட்சை எப்படி, பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கு அது ஒரு விஷயமே இல்லை. இவர் தாத்தா ரயில்வே வேலைக்கு வந்தவர், இவர் இங்கேயே பிறந்தவர். பபேடானில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். தமிழ் பேசினால் பாதி பர்மா, பாதி ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெட்ராஸ். "நீ என்னாத்துக்கு இம்மாம் கவலப்படறே, அது வயசு அப்படி" என்பார்.

எனக்கு அப்படி விட முடியவில்லை. பெற்ற பிள்ளையோடு பேச ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வகுப்பு தொடங்கிய பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். வகுப்பில் பேசினாள், பேருந்தில் வீட்டுக்கு வரும்போது பேசினாள், சனிக்கிழமை காலைவரை பேசினாள். பர்மிய மொழிதான், இருந்தாலும் என்னிடம். அதனால்தான் அந்த இரண்டு பீரியடையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதம்தான் என்னைக் குழியில் தள்ளியது.

3

முதல் வெள்ளிக்கிழமை கூத்தைக் கேளுங்கள். இங்கே பாடம் என்றால் டீச்சர் ஒரு வரி சொல்ல வேண்டும், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அதே வரியை ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். நான் வகுப்பின் முன்னால் நின்று, என்னால் முடிந்த அளவு நல்ல பர்மிய மொழியில், "உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை" என்று இருபத்திரண்டு பேரும் முழங்கினார்கள்.

இல்லை இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றேன். அதையும் திருப்பிச் சொன்னார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். சாக்பீஸை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, உட்கார்ந்ததைத் திருப்பிச் செய்யவில்லை.

மூன்றாவது வாரம்தான் ஒரு கேள்வி பிறந்தது. பள்ளி வாசலில் ஒரு யேச்சான்சின் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் தாகத்துக்குக் குடிக்க, சின்னக் கூரைக்குக் கீழே பலகையில் வைத்த இரண்டு மண்பானை, மூடி, ஒரு குவளை. இந்த ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். புண்ணியம் என்று யாராவது ஒருவர் தினமும் கழுவி நிரப்புவார்கள். எங்கள் வாசல் பானையை நிரப்புகிறவர் எதிரில் மோஹிங்கா விற்கும் டோ ஏ. மீன்குழம்பில் சேமியா போட்ட அந்தப் பண்டம்தான் எங்கள் எல்லோருக்கும் காலை ஆகாரம். டோ ஏயின் மகள் சூ சூ என் வகுப்பில் இருக்கிறாள்.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை. இருட்டில் எழுதவும் முடியாமல் ஜன்னல் வழியாக அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நானே கேட்டு நானே பதிலும் சொன்னேன். நுண்துளை வழியாக நீர் கசிகிறது, வெளிப்பரப்பில் ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டு மார்க் பதில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள். பிள்ளைகளும் முழங்கிவிட்டார்கள்.

தேன்மொழி மட்டும் கையைத் தூக்கினாள். "எவ்வளவு குளிர்ச்சி?"

"குளிர்ச்சின்னா குளிர்ச்சிதான்."

"எத்தனை டிகிரி, சயாமா?" வகுப்பில் அவளுக்கு நான் அம்மா இல்லை, சயாமா.

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைப் பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறேன், கல்லூரியில் படித்திருக்கிறேன், இங்கே வந்து பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எத்தனை டிகிரி என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அந்த இருட்டில் எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அளந்துதான் பார்க்கணும்" என்று சமாளித்தேன். பின் பெஞ்சில் யாரோ, "அளக்கலாமா?" என்றார்கள். முதல் தடவையாக யாரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறாகப் பேச ஆரம்பித்தார்கள்.

4

இவர் தன் கடைக்குப் பக்கத்துத் தெருவில் மூன்று வெப்பமானி வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் கொடுத்ததோடு நிற்காமல், "பானத் தண்ணி சில்லுனு இருக்குன்னு கண்டுபுடிக்க இருபத்திரண்டு பேரா" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பிள்ளைகள் செய்ததைச் சொல்ல வேண்டும். வெப்பமானி மூன்றும் ஒரே மாதிரி காட்டுமா என்று சூ சூ கேட்டாள். மூன்றையும் ஒரே வாளியில் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று அரை டிகிரி கூடக் காட்டியது. அதில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, அதன் கணக்கில் அரை டிகிரி கழித்துக்கொண்டார்கள். ஒரே குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு மண்பானையிலும், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும், ஒரு எவர்சில்வர் தூக்கிலும் ஊற்றித் தாழ்வாரத்தில் வைத்தார்கள். பாட்டிலுக்கு வெயில் படுகிறது, பானைக்குப் படவில்லை, அது நியாயமில்லை என்று சண்டை போட்டு இடத்தை மாற்றினார்கள். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே சொல்லித்தர.

காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மூன்று மணி என்று முறை வைத்து அளந்தார்கள். அட்டவணை தேன்மொழி கையில். முதல் நாள் பாட்டில் இருபத்தெட்டு, பானை இருபத்தேழு. இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் நல்ல மழை, பாட்டில் இருபத்தேழரை, பானை இருபத்தேழு. ஒரு டிகிரி, அரை டிகிரி. ஒருநாள் இரண்டும் ஒன்றே.

எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்து டிகிரியாவது இருக்க வேண்டாமா? வெப்பமானி மேல் சந்தேகப்பட்டேன், மாற்றிப் பார்த்தேன். பானை பழசு, துளை அடைத்திருக்கும் என்று புதுசு வாங்கினேன். கடைசியில் பிள்ளைகள் மேலேயே சந்தேகப்பட்டு, மூன்று நாள் பக்கத்தில் நின்று நானே எட்டிப் பார்த்தேன். அவர்கள் சரியாகத்தான் படித்தார்கள். பாதரசம் இருபத்தேழில் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை.

"ஏன் சயாமா பக்கத்துலயே நிக்கறீங்க?" என்று சூ சூ கேட்டாள். உதவி செய்ய என்றேன். அவள் நம்பவில்லை, தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி அட்டவணையைப் பார்த்தாள்.

5

இனி என் பெரிய சோதனைக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம், அது அந்த ஒரு கல்லூரியின் கதையும் இல்லை. அங்கே தனி ஊசல் சோதனை உண்டு. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, எத்தனை வினாடியில் எத்தனை ஆட்டம் என்று எண்ணி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை சென்டிமீட்டர் கணக்கில் 980 என்பது குண்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். நாங்கள் முதலில் விடையை எழுதுவோம். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எத்தனை வினாடி வந்திருக்க வேண்டுமோ அதை அட்டவணையில் நிரப்புவோம். அப்பட்டமாகத் தெரியக்கூடாது என்று 978, 981 என்று கொஞ்சம் முன்னே பின்னே வைப்போம். அதில் நான் கெட்டிக்காரி. என் ரெக்கார்டு நோட்டை அடுத்த வருடத்துப் பெண்கள் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். நிஜமாக ஊசலை ஆட்டி எண்ணின கோமதிக்கு 1040 வந்தது, திட்டு வாங்கினாள், திரும்ப எழுதினாள். எனக்கு முழு மதிப்பெண்.

இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் நான் அடுத்துச் செய்தது உங்களுக்குப் புரியாது.

பெற்றோர் நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, சயாமாஜீ வகுப்புக்கு வந்தார். நாளை வரும் பெற்றோரில் பாதிப் பேர் கியூஷின் பக்கம்தான் என்றார். "பிள்ளைகள் பெரிதாக ஏதாவது கண்டுபிடித்தார்களா?" என்றும் கேட்டார். குரல் நன்றாகத் தணிந்திருந்தது.

"கண்டுபிடித்தார்கள்" என்றேன்.

அவர் போனதும் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, பிள்ளைகளின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பாட்டில் இருபத்தெட்டு. பானை என்று எழுதி, இருபத்தேழு போடப் போன கை நின்றது. அரை டிகிரிக்கும் ஒரு டிகிரிக்கும் யார் கை தட்டுவார்கள்? இதைப் பார்த்தால் இரண்டு மாதம் வீண் என்றுதானே சொல்வார்கள்? இருபத்துமூன்று என்று எழுதினேன். அப்பட்டமாகத் தெரியக்கூடாது என்று சில நாட்களுக்கு இருபத்துமூன்றரை, இருபத்திரண்டரை. பழைய கை, மறக்கவே இல்லை. வரைபடமும் போட்டேன். நீலக்கோடு மேலே, சிவப்புக்கோடு கீழே, நடுவில் கண்ணுக்கு லட்சணமான இடைவெளி. வகுப்பைக் காப்பாற்றிவிட்டேன் என்று திருப்தியாக வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

6

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் அட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். பெற்றோர் வர இன்னும் அரைமணி இருந்தது. நாற்காலி போட வந்த தேன்மொழி அட்டைக்கு முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"அம்மா. இது எங்க நம்பர் இல்ல."

"கொஞ்சம் சரி பண்ணிருக்கேன், அவ்வளவுதான். போய் நாற்காலியப் போடு."

"இருபத்துமூணு எப்ப வந்துச்சு? ஒரு நாளும் வரல."

"வந்திருக்கணும், வரல. ஏதோ பிழை. நாம பண்ணது சின்னப் பிள்ளை சோதனைதானே." எனக்குக் குரல் ஏறியது. "யாருக்காகப் பண்றேன்? இந்த வகுப்பு நிலைக்கணுமா வேண்டாமா? உனக்குத்தானே இந்த வகுப்பு பிடிக்குது?"

"எந்த வகுப்பு? வர வேண்டியத எழுதற வகுப்பா? அதுக்குக் கியூஷினே போதும்."

சொல்லிவிட்டு அவள் நாற்காலி போடப் போய்விட்டாள். ஒரு வருடமாக அவள் என்னிடம் தமிழில் சேர்ந்தாற்போலப் பேசியது இவ்வளவுதான், அதுவும் இதைச் சொல்ல. எனக்கு அழுகை வந்தது. பெற்றோர் வர ஆரம்பித்துவிட்டதால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டு வரவேற்றேன்.

நாற்பது பேர் இருப்பார்கள். இவரும் கடையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சயாமாஜீ என்னை அழைத்தார். எழுந்து போய் அட்டைக்குப் பக்கத்தில் நின்றேன். வரைபடத்தைக் காட்டி நாலு வார்த்தை சொன்னால் கைதட்டு நிச்சயம். தேன்மொழி மூன்றாவது வரிசையில் அட்டவணை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"நான் ஒன்று சொல்ல வேண்டும்" என்று பர்மிய மொழியில் ஆரம்பித்தேன். கூடம் சிரித்தது. 'சொல்ல'வும் 'மகிழ'வும் இந்த மொழியில் கிட்டத்தட்ட ஒரே ஓசை, இழுக்கிற விதத்தில்தான் வித்தியாசம். நான் மகிழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பதினைந்து வருடமாக இழுக்கத் தெரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் அட்டையைக் கழற்றி, பின்புறம் தெரியும்படி சுவரோரம் சாய்த்துவைத்தேன்.

"இதிலிருக்கும் எண்கள் பொய். பிள்ளைகள் எழுதியதல்ல. நேற்று நான் எழுதினேன். புத்தகத்தில் இருக்கிற மாதிரி வரவில்லை என்று பயந்து எழுதினேன். நிஜமானது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது."

சயாமாஜீ தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு டீச்சர் பெற்றோர் முன்னால் இப்படிச் சொல்வது நடக்காத காரியம். போச்சு, வகுப்பும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன். தேன்மொழி எழுந்து வந்தாள். என் பக்கம் பார்க்காமல் நோட்டைத் திறந்து படித்தாள். தேதி, மழையா வெயிலா, பாட்டில், தூக்கு, பானை. பத்தொன்பது நாள். எல்லாம் இருபத்தேழு, இருபத்தெட்டு. "பானை குளிரவில்லை என்றே சொல்லலாம்" என்று முடித்தாள்.

ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் எழுந்தார். "அப்போது புத்தகம் தப்பா? பரீட்சையில் என் மகன் எதை எழுதுவான்?"

நான் பதில் சொல்வதற்குள் கதவோரம் நின்றிருந்த டோ ஏ, மோஹிங்காக் கை ஈரத்தை இடுப்பில் கட்டியிருந்த லோன்ஜியில் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்தார்.

"மழைக் காலத்தில் பானை எங்கே குளிரும்? வருஷம் பூரா அதை நிரப்புகிறவள் நான்தானே. ஏப்ரலில் குடித்துப் பாருங்கள், பல் கூசும். மழை பிடித்துவிட்டால் சும்மா தண்ணீர்தான். இதற்கா இரண்டு மாதம்? சயாமா, என்னைக் கேட்டிருக்கலாமே."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? பட்டம் வாங்கிய நான் தினமும் அந்தப் பானையைத் தாண்டித்தான் போகிறேன், அவரிடம்தான் மோஹிங்கா சாப்பிடுகிறேன், ஒருநாளும் கேட்கவில்லை.

"ஏன் மழையில குளிரல அம்மா?" என்று சூ சூ கேட்டாள்.

"அது எனக்கென்ன தெரியும். குளிராது, அவ்வளவுதான்."

அப்புறம் நடந்ததைத்தான் நான் கவுண்டரில் எழுத நினைத்தேன். சூ சூ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "மழையில லோன்ஜியும் காயறதில்ல" என்றாள். "மூணு நாள் கொடியில கிடந்தாலும் ஈரமாவே இருக்கு. லோன்ஜி காயலைன்னா பானை மட்டும் எப்படிக் காயும்? காயாம எப்படிக் குளிரும்?" அந்த ரயில்வேக்காரரின் மகன் எழுந்து, காற்று ஏற்கெனவே நனைந்து கிடக்கிறது, அதில் இன்னும் தண்ணீருக்கு இடமில்லை என்றான். இன்னொருத்தி, அப்படியானால் ஃபேன் காற்றில் வைத்தால் குளிருமா என்றாள். மின்சாரம் இருந்தால்தானே என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. யாரும் கையைக் கட்டிக்கொண்டு பேசவில்லை. யாரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. இரண்டு மார்க் பதிலை நான் முப்பது வருடம் வாயில் வைத்திருந்தேன், அது எப்போது பொய்க்கும் என்று ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"பரீட்சையில் ரெண்டையும் எழுதுவேன் அப்பா" என்றான் அந்தப் பையன். "ஏன் குளிரும்னும் எழுதுவேன், எப்ப குளிராதுன்னும் எழுதுவேன்." அவன் அப்பா உட்கார்ந்துவிட்டார்.

சயாமாஜீ எழுந்தார். "ஏப்ரலில் பல் கூசும் என்கிறார் டோ ஏ. எத்தனை டிகிரி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியாது" என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் சரியாக இழுத்தேன் போலிருக்கிறது, யாரும் சிரிக்கவில்லை.

"மார்ச்சில் பள்ளி மூடிவிடும். லீவில் யார் வந்து அளப்பீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்டார். இருபத்திரண்டு கையும் உயர்ந்தது. வகுப்பு வேண்டும் என்கிற பெற்றோரையும் கை தூக்கச் சொல்லி எண்ணினார். பாதிக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பீரியடில் ஒன்று கியூஷினுக்குப் போயிற்று, ஒன்று எங்களுக்கு நின்றது. கூட்டம் கலைந்ததும் சயாமாஜீ என் பக்கம் வந்து, "அடுத்த தடவை பொய் எழுதினால் முதல் நாளே எனக்குச் சொல்லிவிடுங்கள், நானும் தயாராக இருப்பேன்" என்றார். அது மன்னிப்பா எச்சரிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சீட்டுக் கிழியும்னு நெனச்சேன்" என்றார் இவர் பேருந்தில். தேன்மொழி ஜன்னலோரம் உட்கார்ந்து, அட்டவணை நோட்டைப் பிரித்து மறுபடி படித்துக்கொண்டு வந்தாள்.

7

அடுத்த வெள்ளிக்கிழமை மிச்சமிருந்த அந்த ஒரு பீரியடில், அறிக்கைக்குக் கடைசிப் பக்கம் ஒன்று எழுதச் சொன்னேன். எந்தச் சோதனையிலும் தவறு நுழைய வழி உண்டு, நம் சோதனையில் எங்கெங்கே நுழைந்திருக்கலாம் என்று யோசித்து எழுதுங்கள் என்றேன். நான் படித்த ரெக்கார்டு நோட்டில் அப்படி ஒரு பக்கமே கிடையாது. எங்களுக்குத் தவறே வராதே.

மணி அடித்ததும் தேன்மொழி நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "கையெழுத்து வேணும், சயாமா" என்றாள் முகத்தில் ஒன்றும் காட்டாமல். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 'பிழைக்கான காரணங்கள்' என்று தலைப்பு, பர்மிய எழுத்தில் முத்து முத்தாக. ஒன்று, சிவப்பு நூல் கட்டிய வெப்பமானி அரை டிகிரி கூடக் காட்டும், சில நாள் அதைக் கழிக்க மறந்திருக்கலாம். இரண்டு, மதியம் அளக்கும்போது பானையின் மூடி சில நாள் திறந்து கிடந்தது.

மூன்றாவது காரணம் மட்டும் தமிழில் இருந்தது. கோணல் மாணலாக, வேறு யாரும் படிக்க முடியாதபடி, ஒரே ஒரு சொல். அம்மா.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பேனாவை எடுத்து, சரிபார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.